மேல்மாடி மாப்பிள்ளை

“மாமா, டீ ஆறிப்போகுது, குடிங்க.”

வீட்டு வாசலில் குனிந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து இந்தக் குரல் கேட்டது. சில வருடங்களுக்கு முன், வசந்தகாலத்து ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஏற்ற இறக்கமெல்லாம் பஸ் ஓட்டிவிட்டுச் சீருடையோடு வந்து சேர்ந்திருந்தேன். என் மகள் துளசி விரும்பிய பொடியன் மணிகண்டன். அவனுடைய பெற்றோர் தேனிப் பக்கத்துப் போடியிலிருந்து வந்து முதல் தடவையாக எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். நான் இருபது நிமிடம் பிந்திவிட்டேன். அறிமுகமெல்லாம் அந்த இருபது நிமிடத்துக்குள் நடந்து முடிந்திருந்தது.

சோபாவில் மணியின் அம்மா தனலட்சுமி. அவரை எனக்கு ஏற்கனவே தெரியும். அதாவது, வீடியோவில் அவருடைய நெற்றியையும் அதற்கு மேலே சுற்றும் மின்விசிறியையும் ஒரு வருடமாகத் தெரியும். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட, வாய் திறக்காத ஒரு மனிதர். மணியின் அப்பா ஏலக்காய் வியாபாரி, எப்போது அழைத்தாலும் கடையில் இருப்பார் என்று கேள்வி. இவரோ ‘மாமா’.

நான் கெட்டிக்காரன். உடனே பிடித்துவிட்டேன். அப்பாவுக்கு வர முடியவில்லை, அம்மாவின் மாமா துணைக்கு வந்திருக்கிறார்.

“வாங்கோ, வாங்கோ. மாமா வந்தது நல்ல சந்தோசம். தகப்பனார் வரேல்லையோ? கடையை விட்டிட்டு வர ஏலாமல் போச்சுதாக்கும்.”

மணி தன் காலுறையைப் பார்த்தான்.

“இவருதாண்ணே மணியோட அப்பா” என்றார் தனலட்சுமி.

“ஓ, முறைக்கு மாமா எண்டு கூப்பிடுறனீங்களோ?”

“முறைக்கு என்னண்ணே முறைக்கு. எங்கம்மா கூடப்பெறந்த கடைசித் தம்பி. எனக்குச் சொந்தத் தாய்மாமன்.”

என் மனைவி ரதி கையில் தந்த தேநீர் தொண்டையில் பாதை மாறியது.

போன கிழமை இந்தப் பத்தியில் வந்த, நான் பனியில் பஸ் ஓட்டிய கதையைப் படித்துவிட்டு, “உங்களுக்குப் பயமே வராதா?” என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். தங்கச்சி, தயவுசெய்து தொடர்ந்து படியுங்கள்.

குசினி மாநாடு

இருமலைச் சாட்டாக வைத்துக் குசினிக்குள் ஓடினேன்.

“ரதி, தாய்மாமன்.”

“ஆர்?”

“அந்த ஆள். அவவின்ர சொந்தத் தாய்மாமன். அவவையே முடிச்சிருக்கிறார்.”

எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் ‘முடிக்கிறது’ என்றால் கலியாணம் கட்டுவது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். அன்றைக்கு இதைச் சொல்லி வைக்காததால் வந்த வினை பின்னால் இருக்கிறது.

ரதி வடைச் சட்டியிலிருந்து கண் எடுக்கவில்லை. “முடிச்சு முப்பது வருசமாச்சுது. இப்ப நீங்கள் போய் நிப்பாட்டப் போறியளோ?”

“அதில்லையப்பா. தாய்மாமன் எண்டால் தகப்பன் மாதிரியெல்லோ?”

“உங்களுக்கு. அவையளுக்கு இல்லை. மெதுவாக் கதையுங்கோ.”

அவள் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் மாமன் மகனைக் கட்டலாம், அத்தான் மச்சாள் என்று கூப்பிட்டுக் காதலிக்கலாம். மாமனையே கட்டுவதென்றால் காதைப் பொத்திக்கொள்வோம். போடிப் பக்கத்தில் முந்தி அது மாமனின் உரிமையாம். அவரைக் கேட்காமல் பெண்ணை வெளியே கொடுத்தால்தான் சண்டையாம். இப்போது குறைந்துவிட்டது என்று மணி பிறகு சொன்னான். ஒரே மொழி பேசுகிறோம், ஒரே மாதிரி வடை சுடுகிறோம். கலியாணம் என்று வந்ததும் ஆளுக்காள் வாய் பிளக்கிறோம்.

நான் பிளந்த வாயை மூட முடியாமல் நின்றேன். என் வாயின் வரலாறு அப்படி. நான் ஓட்டும் பஸ்ஸுக்கு மூன்று வகை பிரேக் இருக்கிறது. எனக்குப் பதற்றம் வந்தால் ஒரு பிரேக்கும் பிடிக்காது. கலியாணத்துக்கு முன் ரதியோடு முதன்முதல் தொலைபேசியில் பேசக் கிடைத்த பத்து நிமிடத்தில், ஒன்பது நிமிடம் ஜெர்மனியில் உருளைக்கிழங்கு எத்தனை வகை என்று விளக்கியவன் நான். மீதி ஒரு நிமிடத்தில் அவள் “ஓம்” என்றாள். அது கலியாணத்துக்குச் சொன்ன ஓமா, கிழங்குக்குச் சொன்ன ஓமா என்று இன்றைக்கும் கேட்கத் துணிவில்லை.

“வடை ஆறுது. கொண்டு போங்கோ. வாயைத் திறந்தால் வடிவான கதை ஏதும் கதையுங்கோ” என்று தட்டைக் கையில் தந்தாள் ரதி.

வடிவான கதை என்னிடம் ஒன்று இருந்தது. மேல்மாடி.

சாவி கொடுத்த கதை

எங்கள் வீடு மூன்று தட்டு. நடுத்தட்டில் நாங்கள். கீழே ஒரு ஜெர்மன் கிழவி வாடகைக்கு இருக்கிறார். மேல்மாடியைத் துளசி பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி வந்தேன். குளியலறைக்குத் தரை ஓடு பதித்தது நானே. தண்ணீர் விட்டால் வாய்க்காலுக்குப் போகாமல் கதவடிக்குப் போகும். அதை விட்டுப் பார்த்தால் அரண்மனை.

யாழ்ப்பாணத்தில் வீடு மகளுக்கு. மருமகன் அங்கே வந்து இருப்பான். என் அப்பா அப்படித்தான் அம்மா வீட்டுக்கு வந்தார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை, அதுதான் எங்களுக்கு மரியாதை. ரதிக்கும் கோண்டாவிலில் ஒரு சீதன வீடு இருந்தது. நான் மாப்பிள்ளையாகப் போய் அதில் ஒரு இரவுகூடப் படுக்கவில்லை. யுத்தம் முந்திக்கொண்டது. அதனால் என் மகளுக்கு ஒரு வீட்டைக் கையில் கொடுப்பேன் என்பதில் எனக்கு ஒரு வெறி.

எல்லாரையும் மேலே கூட்டிக்கொண்டு போனேன். தனலட்சுமி குழாயைத் திறந்து பார்த்தார், ஜன்னலைத் திறந்து பார்த்தார். “நல்ல வெளிச்சம்ணே” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, துளசி வேண்டாம் என்று கண் காட்டுவதைப் பார்த்தும் பார்க்காமல், மணியின் கையில் வைத்தேன்.

“இந்தாங்கோ தம்பி. கலியாணத்தோட நீங்கள் இஞ்ச வந்து எங்களோட இருக்கலாம். இனி இது உங்கடை வீடு.”

கண்ணீரை எதிர்பார்த்தேன். ஆனந்தக் கண்ணீர்தான்.

தனலட்சுமியின் முகம் மாறியது. “எம்மகனுக்கு வீடு இல்லேன்னு யாருண்ணே சொன்னது?”

“இல்லை அக்கா, அப்பிடியில்லை...”

“வீட்டோட மாப்பிள்ளையா வச்சுக்கலாம்னு பாக்குறீகளா? ஊர்ல எங்க பங்காளிக என்ன பேசுவாக? படிக்க வச்சு, அம்புட்டு தூரம் அனுப்பி, மாமனார் வீட்டுச் சோத்துக்கு விட்டுட்டா தனம்னு பேச மாட்டாக?”

எங்களுக்கு எது மரியாதையோ அது அவர்களுக்குச் சூடு போட்ட மாதிரி. சொந்தக் காலில் நிற்க வக்கில்லாதவன்தான் அங்கே பெண்டாட்டி வீட்டில் போய் இருப்பானாம். எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம், என் பதினைந்து வருட உழைப்பைக் காட்டினேன், ஒரு தாய் அழப்போகிறாள் என்பது மட்டும்தான். பதற்றம் வந்தது. வாய் ஓடியது.

மணியின் பக்கம் திரும்பினேன். “தம்பி, சுத்தி வளைச்சுக் கதைக்க வேண்டாம். எங்கடை துளசியை முடிக்கிறதோ இல்லையோ? அதை இப்ப சொல்லுங்கோ.”

அன்று முழுக்கப் பேசாதிருந்த மணியின் அப்பா முதன்முதலாக வாய் திறந்தார்.

“மணி, கிளம்புப்பா. முடிக்கிறது கிடிக்கிறதுன்னு வெட்டுக்குத்துப் பேச்சு பேசுற எடத்துல நமக்கென்ன வேலை?”

அவர்கள் ஊரில் ஒரு பெண்ணை முடிப்பதென்றால் ஆளையே தீர்த்துக்கட்டுவதாம். மணி எங்கள் பேச்சுப் பழகியவன், அவனுக்கு விளங்கியது. படியிறங்கிக்கொண்டே “அப்பா, அதுக்கு அர்த்தம் அது இல்லப்பா” என்று சொல்லிப் பார்த்தான். அவர் ஏற்கனவே தெருவில் நின்றார். சாவி மேல்மாடிக் குசினி மேடையில் கிடந்தது.

ஆவணி அழுகை

துளசி கத்தவில்லை. கத்தினால் தாங்கியிருப்பேன். கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தாள். பிசியோதெரபி படித்தவள், வலிக்கிற இடத்தில் நேராக விரலை வைப்பாள்.

“அப்பா, அடுத்த ஞாயிறு அவையள் திரும்பிப் போகினம். மணியின்ர அம்மா அழுதுகொண்டு பிளேன் ஏறினால் இந்தக் கலியாணம் நடக்காது.”

“ஏன் நடக்காது? நீங்கள் ரெண்டு பேரும் படிச்ச பிள்ளையள். நகரசபையில போய்க் கலியாணத்தை எழுதலாமெல்லோ?”

“எழுதலாம். மணி ஓமெண்டும் சொல்லுவார். ஆனால் அந்த அழுகை ஒவ்வொரு ஆவணி லீவுக்கும் எங்கடை வீட்டுக்கு வரும். எனக்கு அப்பிடி ஒரு வாழ்க்கை வேண்டாம். நான் விட்டிடுவன்.”

அவள் ஒன்றைச் சொன்னால் செய்வாள். எட்டு வயதில் ‘இனி மீன் சாப்பிடமாட்டேன்’ என்றவள் இன்றுவரை தொடவில்லை. மறுநாள் இருப்புக்கொள்ளாமல் நான் என் காரின் நான்கு சில்லுகளுக்கும் காற்று அளந்தேன். பிறகு கீழ்வீட்டுக் கிழவியின் சைக்கிளுக்கும் அளந்தேன்.

ஊவவின் ஒரே பத்திரம்

திங்கட்கிழமை இடைவேளை அறையில் ஊவவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஊவ என்னோடு பஸ் ஓட்டுபவன், கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்காரன். அவனும் அவனுடைய தோழியும் இருபத்திரண்டு வருடமாக ஒன்றாக இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள். கலியாணம் இல்லை. “எதுக்கு?” என்று கேட்பான். அவன் வளர்ந்த பக்கத்தில் அது பெரிய விசயமே இல்லை. எங்கள் ஸ்டுட்கார்ட் பக்கத்துச் சுவாபியர்கள் வேறு இனம். முதலில் நிலம், பிறகு வீடு, அதற்குப் பிறகு கலியாணம், அதற்கும் பிறகுதான் சிரிப்பு. ஊவவின் தோழி சுவாபியப் பெண். அவளுடைய தாய் இவனை எப்படி வீட்டுக்குள் விட்டாள் என்பது எனக்கு நெடுநாள் புதிர்.

“அதே பிரச்சினைதான் எனக்கும் இருந்தது” என்றான் ஊவ, ரொட்டியைக் கடித்தபடி. “நாங்கள் இருப்பது அவளுடைய தாயின் வீட்டில். கிழவி முதல் நாளே சொல்லிவிட்டாள், என் மகளைக் கட்டாதவன் என் வீட்டில் எந்த முறையில் இருப்பது என்று. நான் வாடகைப் பத்திரம் கேட்டேன். இப்போது நான் அவளுக்கு மருமகனில்லை, குடியிருக்கிறவன். என் தோழியோடு எனக்கு ஒரு பத்திரமும் இல்லை. அவளுடைய தாயோடு பன்னிரண்டு பக்கத்துக்கு இருக்கிறது.”

என் பஸ் மூன்று நிமிடம் பிந்திப் புறப்பட்டது. அன்று அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. வேலை முடிந்ததும் கடதாசிக் கடைக்குப் போய், அச்சடித்த வாடகைப் பத்திரம் ஒன்று வாங்கினேன்.

பன்னிரண்டு பக்கம்

புதன்கிழமை மணியின் ஒற்றை அறை வீட்டுக்குப் போனேன். ரதி வரவில்லை. “உடைச்சது நீங்கள், ஒட்டுறதும் நீங்கள்” என்றுவிட்டாள். துளசி மட்டும் என்னோடு வந்தாள், நான் பேசினால் காலை மிதிப்பதற்கு.

கதவைத் திறந்த தனலட்சுமி என்னைப் பார்த்து “வாங்க” என்றார். ‘அண்ணே’ போய்விட்டது. மணியின் அப்பா கட்டில் நுனியில் இருந்தார். நான் பத்திரத்தைக் கட்டிலில் வைத்தேன்.

“அக்கா, அண்டைக்கு நான் கதைச்சது பிழை. தம்பி எங்கடை வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்து இருக்க வேண்டாம். வாடகைக்கு வரட்டும். நான் வீட்டுக்காரன், அவர் குடியிருக்கிறவர். ரெண்டு பேருக்கும் சட்டம் இருக்கு.”

தனலட்சுமி கடதாசியைத் தொடவில்லை. “சொந்த மாமனாருக்கு வாடகையா? என்னண்ணே இது கூத்து?”

‘அண்ணே’ திரும்பி வந்துவிட்டது. என் மூச்சும் வந்தது.

அப்பா பத்திரத்தை எடுத்தார். வியாபாரி அல்லவா. மணியைப் பக்கத்தில் இருத்தி வரிவரியாகச் சொல்லச் சொன்னார். அரை மணி நேரம் அந்த அறையில் மணியின் குரல் மட்டும் கேட்டது. துளசியின் பாதம் என் பாதத்தின் மேல் தயாராக இருந்தது.

“காலி பண்ணணும்னா எத்தனை மாசம் முன்னாடி சொல்லணும்?” என்றார் அப்பா.

“மூண்டு மாதம்.”

“எம்மகன் வேண்டாம்னு நெனைச்சா, மூணு மாசத்துல மருமகளக் கூட்டிட்டுக் கிளம்பிரலாம்?”

“ஓம். நான் மறிக்க ஏலாது.”

அவர் மனைவியிடம் திரும்பினார். “தனம், நெனைச்ச நேரம் கிளம்பிப் போறவன் எப்படி வீட்டோட மாப்பிள்ளை ஆவான்? இருந்தான்னா அவன் இஷ்டத்துக்குல்ல இருக்கான்.”

தனலட்சுமி மணியிடம், “அந்தக் கடைசிப் பக்கத்துல என்னமோ விட்டுட்டுப் போனியே, அதைப் படி” என்றார்.

வீட்டு ஒழுங்கு. சுவாபிய நாட்டில் அது வேதம். கிழமைக்கு ஒருவர் முறை வைத்துப் பொதுப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை யாருக்கோ அவர் கதவில் ஒரு பலகை தொங்கும்.

“எம்மகன் உங்க வீட்டுப் படியைப் பெருக்கணுமா?”

“அக்கா, வீட்டுக்காரன் நான். எனக்கும் முறை வரும். கீழ்வீட்டுக் கிழவி மூலையில விரல் வைச்சுத் தூசி பாப்பா. ரெண்டு தரம் என்னைத் திரும்பக் கூட்ட வைச்சவ.”

தனலட்சுமியின் வாயோரம் அசைந்தது. “உங்களையே?”

“ஓம். சீருடையோட.”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: “நான் எங்க மாமாவக் கட்டுனதுக்கு நீங்க மூச்சுமுட்டி இருமுனீக. நீங்க பொண்டாட்டி வீட்டுல போய் உக்காருறதப் பெருமையாச் சொன்னதுக்கு எனக்கு மயக்கமே வந்துச்சு. ஆளுக்கு ஒண்ணு சரியாப் போச்சு, விடுங்க.”

துளசி பாதத்தை எடுத்தாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது அவள் தன் பையிலிருந்து பேனையை எடுத்தாள்.

“மாமி, இன்னும் ஒரு விசயம் எழுத வேணும். வீட்டுக்காரர் சாவி வைச்சிருக்கக் கூடாது. உள்ள வாறதெண்டால் முதலே தெர்மின் எடுக்க வேணும். சட்டமும் அதுதான்.”

தெர்மின் என்றால் முன்கூட்டியே குறித்து வாங்கும் நேரம்; இந்த நாட்டில் அது இல்லாமல் பல்லுக்கூட வலிக்க முடியாது. ஆனாலும் நான் மேல்மாடிக்கு, என் கையால் ஓடு பதித்த மேல்மாடிக்கு, நேரம் குறித்து வாங்கிப் போக வேண்டுமா?

“எடி, நான் உன்ர அப்பா.”

“அதுதான் பயம்” என்றாள் துளசி. “கறி காய்ச்சினால் கொண்டு வருவீங்கள். லைற் எரிஞ்சால் ஏனெண்டு பாக்க வருவீங்கள். எனக்கு வீடு பிடிக்கும் அப்பா. நீங்கள் கதவைத் தட்டாமல் வாறதுதான் ஒரு வருசமா யோசனை. அண்டைக்குக் கண் காட்டினதும் அதுக்குத்தான்.”

தனலட்சுமி மருமகளை அப்போதுதான் முதன்முதல் பார்ப்பதுபோல் பார்த்தார். எழுந்து வந்து அவள் பக்கத்தில் இருந்தார். “எழுதும்மா. நல்லா அழுத்தி எழுது. எனக்கெல்லாம் மாமியாரே பாட்டியா இருந்ததுல, கதவுன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாமப் போச்சு.”

மணியின் அப்பா கூரையைப் பார்த்தார்.

மஞ்சள்

சனிக்கிழமை எங்கள் கூடத்தில் நிச்சயதார்த்தம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, நடுவில் வாடகைப் பத்திரம். தனலட்சுமி நான்கு மூலைக்கும் மஞ்சள் பூசினார். உத்தியோகபூர்வமான பத்திரத்தில் கறை படக்கூடாது என்று நான் வாய் திறக்க, ரதி ஒரு முழு வடையை அதற்குள் வைத்து அடைத்தாள்.

ஊவ தோழியோடு வந்திருந்தான். தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, தன் பத்திரத்துக்கு ஒரு வாழைப்பழம்கூட யாரும் வைக்கவில்லை என்று அவளிடம் முறையிட்டான். “நீ கேட்கவே இல்லையே” என்றாள் அவள். அவன் முகத்தைப் பார்த்தால் யோசிக்கத் தொடங்கிவிட்டான் போலிருந்தது.

மணி கையெழுத்துப் போட்டான். துளசி போட்டாள். வீட்டுக்காரன் நான் போட்டேன். அகதி விண்ணப்பத்தில் போட்டபோதுகூட என் கையெழுத்து அவ்வளவு கோணலாக விழவில்லை. மணியின் அப்பா பத்திரத்தைக் கண்ணில் ஒற்றி என்னிடம் தந்தார். கட்டிப்பிடித்தார். ஏலக்காய் மணத்தது.

எல்லாரும் மேலே ஏறினோம். சாவிகள் இரண்டையும் நான் தனலட்சுமியின் கையில் வைக்க, அவர் துளசியின் கையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க” என்றார்.

“ஏன்?”

“பழக வேணாமா?”

கதவு என் மூக்குக்கு முன்னால் மூடியது. நான் வாங்கிய கதவு, நான் பொருத்திய பிணைச்சல். பட்டு வேட்டியோடு படிக்கட்டில் தனியாக நின்றேன். இந்த நாட்டில் எத்தனையோ கதவுகளுக்கு முன்னால் உள்ளங்கை வியர்க்க நின்றிருக்கிறேன். அன்றைக்குக் கை உலர்ந்திருந்தது. வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு அழைப்பு மணியை அழுத்தினேன்.

உள்ளே சிரிப்பு. யாரோ ஓடி வரும் சத்தம். அதற்கு மேலாகப் போடிக்காரியின் குரல் தெளிவாகக் கேட்டது: “தொறக்காத. தெர்மின் இருக்கான்னு கேளு.”

“இருக்கு” என்றேன், கீழ்வீட்டுக் கிழவிக்கும் கேட்கும்படி. “கலியாணத்துக்கு நாள் வைக்க வந்திருக்கிறன்.”

கதவு திறந்தது.